தீவாந்தர சிட்சை பெற்ற முன்னோர் என்ன குற்றம் செய்தார்? – கேள்வி பதில்

பிரிட்டிஷ் காலத்தில் தீவாந்தர சிட்சை, அதாவது நாடுகடத்தும் தண்டனை பெற்றுக் கடல் தாண்டி அனுப்பப்பட்ட கைதிகளின் காகிதங்களை, டெல்லி ஜன்பத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து புரட்டுவது என் ஓய்வுக்காலப் பைத்தியம். இது தெரிந்த டெல்லித் தமிழர்கள் சந்தேகங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். சேர்ந்துபோன கேள்விகளுக்கு இங்கே பதில்.

மயூர் விஹாரிலிருந்து ஒருவர்: சார், அம்மாவழிக் கொள்ளுத்தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்தமானுக்குக் கொண்டுபோகப்பட்டவர் என்று வீட்டில் பேச்சு. தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடினால் என்ன குற்றம் என்று தெரிந்துவிடுமா?

அவர் போனது அங்கே தெரியலாம். என்ன செய்தார் என்பது பெரும்பாலும் சென்னை எழும்பூரில் இருக்கிறது. குற்றம் நடந்தது திருநெல்வேலியில், விசாரித்தது அங்குள்ள செஷன்ஸ் கோர்ட், காகிதம் மேலே போனது சென்னை அரசின் நீதித்துறைக்கு. அந்தக் கட்டுகள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில்தான் உள்ளன. மூல வழக்குக் கட்டுகளில் பெரும்பகுதியைக் காலக்கெடு முடிந்ததும் கோர்ட்டுகளே அழித்துவிட்டன. அரசுக்குப் போன நகல்தான் நமக்கு மிச்சம்.

தீவுக்கு ஆள் போய்ச் சேர்ந்தபோது கூடவே போன விவரம் கொஞ்சம். கைதியின் கழுத்தில் ஓர் இரும்பு வளையம், அதில் தொங்கும் மரவில்லை. வில்லையில் கைதி எண், தண்டனைச் சட்டப் பிரிவு, தீர்ப்புத் தேதி, விடுதலைக்குரிய தேதி. ஊர் கிடையாது, அப்பா பேர் கிடையாது, யாரை எதற்காக என்பது கிடையாது. தீவு நிர்வாகத்துக்கு அது போதும், உங்களுக்குப் போதாது. போர்ட் பிளேரிலேயே வைத்திருந்த பதிவேடுகளில் நிறைய 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆக்கிரமிப்பில் போய்விட்டன.

ஆகவே மாவட்டம், தீர்ப்பு ஆண்டு இரண்டையும் முதலில் பிடியுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் அதைக் கண்டுபிடிக்க மட்டும் ஜன்பத். இந்திய அரசு உள்துறையின் ‘போர்ட் பிளேர்’ கிளை நடவடிக்கைகளில் (‘புரொசீடிங்ஸ்’ என்ற கோப்புத் தொகுதிகளில்) விடுதலைக்குப் பரிந்துரைத்த ஆயுள் கைதிகள் பற்றிய காகிதங்கள் வரும். ஆயுள் என்றாலும் நன்னடத்தை இருந்தால் 20, 25 வருடத்தில் விடுவார்கள். விடுதலை ஆண்டு கிடைத்தால் அத்தனை வருடம் பின்னால் போய் எழும்பூரில் தேடலாம்.

கரோல்பாக் மாமி ஒருவர்: ஜன்பத்தில் ஒரு கோப்பு கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன், ‘என்.டி.’ என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

மாமி, ‘என்.டி.’ என்றால் அந்தக் கோப்பு துறையிலிருந்து காப்பகத்துக்கு வந்து சேரவே இல்லை என்று பொருள். ஜன்பத்தில் உட்கார்ந்த எவருக்கும் அந்த இரண்டெழுத்தைக் கண்டால் வயிறு எரியும். ஆனால் அத்தோடு எழுந்து வந்துவிடாதீர்கள். உள்துறை நடவடிக்கைகளில் ‘ஏ’ வகை அச்சிடப்பட்டது, ‘பி’ வகை அச்சாகாதது. ‘பி’ கோப்பு போய்விட்டாலும் அந்த வருட அட்டவணையில் ஒரு வரிச் சுருக்கம் நிற்கும். பேரும் மாவட்டமும் அந்த ஒரு வரியிலேயே கிடைத்ததுண்டு. சென்னை சம்பந்தப்பட்ட விஷயமென்றால் அதே கடிதத்தின் இன்னொரு பிரதி எழும்பூரில் இருக்க வாய்ப்பு அதிகம். கடிதம் என்றால் அனுப்பியவர் ஒருவர், பெற்றவர் ஒருவர் இருந்தாக வேண்டுமே.

போவதற்கு முன் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் வீட்டிலிருந்தே தேடிப் பாருங்கள். பேரைப் பல எழுத்துக்கூட்டலில் போட வேண்டும். முத்துசாமியை வெள்ளைக்கார குமாஸ்தா மூட்டூசாமி என்று எழுதியிருப்பார். பேரை விட ஊரும் தாலுகாவும் நம்பகமானவை.

முனீர்க்காவிலிருந்து ஒரு தம்பி: கொள்ளுத்தாத்தாவின் அப்பா பேருக்கு எதிரே ‘பிரிவு 395’ என்று இருக்கிறது. கொள்ளைக்காரரா என்று வீட்டில் ஒரே சண்டை. சித்தப்பா இதை யாருக்கும் சொல்லக்கூடாது என்கிறார்.

சித்தப்பாவைச் சமாதானப்படுத்துவது என் வேலை இல்லை தம்பி. 395 என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கூட்டுக்கொள்ளைக்கான பிரிவு அது. சட்டப்படி ஐந்து பேராவது சேர்ந்திருந்தால்தான் அது கூட்டுக்கொள்ளை. அப்படியானால் உங்கள் பாட்டனாரோடு இன்னும் நான்கு பேராவது இருந்திருக்க வேண்டும். அவர் பேரில் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் கூட்டாளிகள் பேரில் கிடைக்கும். வழக்கு ஒன்றுதான், அட்டவணையில் முதலாவதாகக் குற்றம்சாட்டப்பட்டவரின் பேரில் பதிவாகியிருக்கும். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சாவி இதுதான்.

அடுத்தது தீர்ப்புத் தேதி. 1876 முதல் 1878 வரை என்றால் நிதானியுங்கள். தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் தானியக் கடைகளும் தானிய வண்டிகளும் சூறையாடப்பட்ட காலம், கொள்ளை வழக்குகள் எகிறிய காலம். பசியோடு ஐந்து பேர் ஒரு வண்டியை மறித்துக் கம்பு மூட்டையை இறக்கினாலும் 395, ஆயுதத்தோடு வீடு புகுந்து நகை பறித்தாலும் 395. எது என்று அந்த எண் சொல்லாது. என்ன பறிபோனது என்ற பட்டியல் வழக்கில் இருக்கும், அதைப் பாருங்கள். நகையா நெல்லா என்று தெரிந்த பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. பேருக்குப் பக்கத்தில் சாதியை எழுதி, அதையே குற்றத்துக்குச் சான்று போல நடத்துவது அன்றைய போலீஸ் வழக்கம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ‘இன்ன சாதி, பழக்கக் குற்றவாளி’ என்ற வரியைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை எழுதியவரைப் பற்றித்தான் அது அதிகம் சொல்கிறது.

ஜனக்புரியிலிருந்து ஓர் அம்மா: அனுப்பப்பட்டவர் பெண், என் பாட்டியின் பாட்டி. கொலை என்கிறார்கள். பெண்களுக்குத் தனியாகக் காகிதம் உண்டா?

தனியாகக் கிடையாது, ஆனால் பெண்கள் வழக்கில் காகிதம் அதிகம் இருக்கலாம். தீவாந்தரம் போன பெண்களில் பலர் கணவனையோ பச்சைக் குழந்தையையோ கொன்றதாகத் தீர்ப்புப் பெற்றவர்கள். செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதிக்கும். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டும். பிறகு கருணை மனு கவர்னர் வரை போகும். ஆயுள் தீவாந்தரமாகக் குறையும். காகிதம் ஏறிய ஒவ்வொரு படியிலும் யாராவது வழக்கைச் சுருக்கி எழுதியிருப்பார்கள், ஏன் இரக்கம் காட்டலாம் என்றும் எழுதியிருப்பார்கள். நேராக ஆயுள் தண்டனை பெற்றவரை விடத் தூக்கிலிருந்து தப்பியவரின் கதை நன்றாகப் பிழைத்திருப்பது இதனால்தான். ‘தண்டனைக் குறைப்பு’ என்ற தலைப்பில் நீதித்துறை அரசாணைகளைத் தேடுங்கள்.

குழந்தைக் கொலை வழக்கென்றால் படிக்கும்போது மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் அம்மா. கைம்பெண் ஒருத்தி, ஊர்ப்பேச்சு, ஒரு கிணறு என்றுதான் பல வழக்குகள் ஆரம்பிக்கும். அந்தக் குழந்தையின் தகப்பன் பேர் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

தீவில் சில வருடம் கழித்த பெண்கள், சொந்தமாகப் பிழைக்க அனுமதி பெற்ற ஆண் கைதியை மணக்கலாம் என்று விதி இருந்தது. ஊரில் விட்டுப்போன பிள்ளை வழியா, தீவில் பிறந்த பிள்ளை வழியா நீங்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்.கே.புரத்திலிருந்து ஒருவர்: தாத்தாவின் தீர்ப்பு நகலில் ‘தீவாந்தர சிட்சை’ என்று தெளிவாக இருக்கிறது. ஆண்டு 1934. தியாகி என்று எழுதிக்கொள்ளலாமா?

இரண்டு தாவல் தாவிவிட்டீர்கள். அந்தச் சொல் இருப்பதால் அவர் கடல் தாண்டினார் என்று ஆகாது. வ.உ.சி.க்கு 1908-இல் விதித்ததும் தீவாந்தர தண்டனைதான், மேல்முறையீட்டில் குறைந்தது. அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர் சிறையில், பிறகு கண்ணூர், 1912-இல் விடுதலை. 1921-க்குப் பிறகு அந்தமானுக்கு அனுப்புவதே வெகுவாகச் சுருங்கிவிட்டது, உள்நாட்டுச் சிறையிலேயே கழித்தவர்கள் ஏராளம். 1956 தொடக்கத்தில்தான் அந்தச் சொல் சட்டத்திலிருந்து போய் ‘ஆயுள் சிறை’ ஆனது.

தியாகியா என்பதற்குப் பிரிவைப் பாருங்கள். 121, 121-ஏ, 124-ஏ என்றால் அரசியல். 302 என்றால் கொலை. அதிலும் அரசியல் இருக்கலாம், ஆனால் வழக்கைப் படிக்காமல் சொல்ல முடியாது.

நொய்டாவிலிருந்து சிவகங்கைக்காரர்: மருது பாண்டியர் போரில் பினாங்குக்கு அனுப்பப்பட்டவர்களில் எங்கள் முன்னோரும் ஒருவர் என்பார்கள்.

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்ட எழுபதுக்கு மேற்பட்டவர்களைச் சொல்கிறீர்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அதில் உண்டு. 1818-இல் பினாங்கில் அவரைப் பார்த்ததாகக் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதிவைத்திருக்கிறார். சாதாரணக் குற்ற வழக்காக இது நடக்கவில்லை, நீதித்துறைக் கட்டில் தேடி வீணாகாதீர்கள். கம்பெனியின் ராணுவ, அரசியல் நடவடிக்கைகளைப் பாருங்கள். பிரிவு எண்ணும் இருக்காது, தண்டனைச் சட்டமே 1862-இல்தான் அமலுக்கு வந்தது.

லக்ஷ்மி நகரிலிருந்து: எங்களுடையவர் சிங்கப்பூர் போன கைதி. 1880 வாக்கில் என்று சொல்கிறார்கள்.

ஆண்டு பொருந்தவில்லை. சிங்கப்பூருக்கு இந்தியக் கைதிகள் வந்தது 1825 முதல். 1867-இல் அது லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போவதற்குள் அனுப்புவது முடிந்துவிட்டது, 1873-இல் கைதிக் குடியிருப்பே கலைக்கப்பட்டது. 1880 சரியென்றால் அவர் கைதி அல்ல, கூலிக்கோ வியாபாரத்துக்கோ போனவர். அவர் கைதிதான் என்பது நிச்சயமென்றால், ஆண்டைக் குறைந்தது பதினைந்து வருடம் முன்னே தள்ளுங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த அன்றைய பிரிட்டிஷ் பகுதி) பதிவுகளைச் சிங்கப்பூர் ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, அங்கே தொடங்கலாம்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: மொரீஷியஸ் போன எங்கள் பாட்டனாரும் கைதிதானே?

1815-க்கும் 1837-க்கும் நடுவில் போயிருந்தால் இருக்கலாம், அவர்களில் பெரும்பாலோர் வங்காள, பம்பாய் மாகாணத்துக்காரர்கள். அதற்குப் பிறகென்றால் ஒப்பந்தக் கூலி. குற்றத்தைத் தேடாதீர்கள், மொரீஷியஸின் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு எழுதுங்கள். குடியேறிகளின் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன, சிலருக்குப் புகைப்படம்கூட உண்டு.