முன் பிரேக் பேட் மாற்றும்போது டிஸ்க்கையும் கட்டாயம் கடைய வேண்டுமா?

கட்டாயம் இல்லை. கடைவது என்றால் டிஸ்க்கின் இரண்டு முகத்தையும் லேத்தில் கொடுத்துச் சீவிச் சமப்படுத்துவது. பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா, பெடல் துடிக்கிறதா, டிஸ்க்கில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருக்கிறதா? எதுவும் இல்லையென்றால் லேத்துக்கு அனுப்பாதீர்கள். "பேட் முடிஞ்சிருச்சு சார், டிஸ்க்கையும் கடைஞ்சாத்தான் பிடிக்கும்" என்று உங்களுக்கும் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்திருக்கும்.

எனக்கும் வந்தது. நேரில் போய் அளந்து காட்டச் சொன்னேன். அங்கிருந்த தம்பி டிஸ்க்கின் ஓரத்தில் வெர்னியர் அளவுகோலை வைத்து, "22 எம்எம் இருக்கு சார், தாராளமா கடையலாம்" என்றார். ஓரத்தில் பேட் படாமல் துருவேறி ஒரு மேடு நிற்குமே, அவர் அளந்தது அதைத்தான். நான் மைக்ரோமீட்டரை வாங்கி, பேட் உரசுகிற இடத்தில் சுற்றிவர அளந்தேன். எல்லா இடத்திலும் 21-ஐ ஒட்டித்தான் இருந்தது. குறைந்தபட்ச கனம் 20 என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது. பக்கத்துக்கு அரை எம்எம் கடைந்தால் அன்றைக்கே 20-க்கு வந்துவிடும், அதன் பிறகு புது பேட் தேய்க்கிறதெல்லாம் வரம்புக்குக் கீழேதான். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவனுக்கு அது விளையாட்டு இல்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். டிஸ்க் போய் உட்காருகிற ஹப் முகத்துத் துருவை எமரி பேப்பர் போட்டு எடுத்தார், பேட்டை டிஸ்க்கோடு அழுத்துகிற காலிப்பர் நகர்கிற பின்களுக்குக் கிரீஸ் வைத்தார், பேட் மாற்றினார். அப்புறம் காலி ரோட்டில் 60 கிமீ வேகத்திலிருந்து 20 வரை, முழுசாக நிறுத்தாமல், இடைவெளி விட்டு விட்டு எட்டுப் பத்து முறை குறைத்துப் பேட்டைப் பதிய வைத்தோம். சத்தமும் இல்லை, உதறலும் இல்லை.

"நீ என்ன இன்ஜினியரா" என்று கேட்க வருகிறவர்களுக்கு: கடையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாமக்கல்லில் லாரி டிரம் கடைகிற பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான், அளவு பார்க்காமல் கடையாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். உதறல் இருந்து, கனமும் மிச்சம் இருந்தால் தாராளமாகக் கடையலாம். விரிசல் கண்டாலோ கனம் வரம்பைத் தொட்டாலோ இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் புது டிஸ்க்தான்.

இன்னொன்று, மாற்றிய பழைய பாகத்தை ஏன் யாரும் கண்ணில் காட்டுவதில்லை? ஏசி ஃபில்டர் மாற்றியதாகப் பில் போடுகிறார்கள், பழையது எங்கே என்றால் "குப்பைக்குப் போயிருச்சு சார்" என்கிறார்கள். காசு கொடுத்தது நாம். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "பழைய பாகம் திருப்பித் தரவும்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.