சன்ஃப்ளவர் கவுண்டி: கேள்வி பதில்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள சன்ஃப்ளவர் கவுண்டியை (நம்மூர் மாவட்டம் போன்றது) பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணா, பெயரைப் பார்த்தால் சூரியகாந்தி விளையும் ஊர் போலிருக்கிறதே?

பதில்: இல்லை தம்பி. அங்கே ஓடும் சன்ஃப்ளவர் ஆற்றின் பெயர்தான் கவுண்டிக்கும் வந்தது. அந்த மண்ணில் கோலோச்சியது பருத்தி. இப்போது சோயா, மக்காச்சோளம், நெல், அப்புறம் கெளுத்தி மீன் குளங்கள்.

கேள்வி: அந்தப் பகுதியை டெல்டா என்கிறார்கள். கடல் எங்கே இருக்கிறது?

பதில்: கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மிசிசிப்பி, யாசூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே வெள்ளம் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. மேடு பள்ளம் தெரியாத தட்டையான பூமி. காட்டையும் சதுப்பையும் அழித்துத்தான் பண்ணைகள் வந்தன. 1895இல் வில் டாக்கரி தொடங்கிய பண்ணை அவற்றில் ஒன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையின் முன்னோடி சார்லி பாட்டன் வாழ்ந்தது அங்கேதான்.

கேள்வி: ரயிலில் போகலாமா?

பதில்: கவுண்டிக்குள் பயணிகள் ரயில் கிடையாது. பக்கத்து கவுண்டியின் கிரீன்வுட்டில் ஆம்ட்ராக் பயணிகள் ரயில் நிற்கும். கார் இல்லாமல் சுற்றிப் பார்க்க முடியாது. கிழக்கு மேற்காக 82ஆம் நெடுஞ்சாலை, வடக்கு தெற்காக ‘மேற்கு 49’ என்ற நெடுஞ்சாலை. இரண்டும் தலைநகரான இண்டியனோலாவில் சந்திக்கின்றன.

ஆனால் ரயில் பிரியர்கள் மூர்ஹெட்டைத் தவறவிடக் கூடாது. சதர்ன் ரயில் பாதையும் ‘யெல்லோ டாக்’ என்று மக்கள் அழைத்த பாதையும் அங்கே குறுக்கே வெட்டிக்கொண்டன. 1903 வாக்கில், வடக்கே டட்வைலர் ஸ்டேஷனில் ஒருவர் கிட்டார் தந்தியில் கத்தியை அழுத்தி இழைத்தபடி இந்தச் சந்திப்பைப் பாடியதைக் கேட்டதாக ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டி எழுதியிருக்கிறார்.

கேள்வி: ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங் அந்த ஊர்க்காரர்தானே?

பதில்: பிறந்தது பக்கத்து லெஃப்லோர் கவுண்டியில், 1925இல். ஆனால் சொந்த ஊர் என்று அவர் சொன்னது இண்டியனோலாவைத்தான். அவர் வேலை பார்த்த, பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் பழைய ஆலைக் கட்டடம், 2008இல் திறந்த அவரது அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. 2015இல் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: வேறு யார் பெயர் பெற்றவர்கள்?

பதில்: ‘நியூயார்க் டைம்ஸ்’ உணவுப் பகுதி ஆசிரியர் கிரெய்க் கிளெய்போர்ன், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆர்ச்சி மேனிங். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர், கறுப்பர்களின் வாக்குரிமைக்குப் போராடிய ஃபேனி லூ ஹேமர்.

கேள்வி: அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள், ஐயா.

பதில்: ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று, 44 வயதில், இன்னும் 17 பேருடன் பழைய பஸ் ஒன்றில் ரூல்வில்லிலிருந்து 26 மைல் தள்ளியிருக்கும் இண்டியனோலாவுக்கு வாக்காளராகப் பதியச் சென்றார். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. குற்றம் என்ன தெரியுமா? பஸ்ஸின் நிறம் சரியில்லையாம், பள்ளிப் பேருந்து போல மஞ்சளாக இருக்கிறதாம்! வந்தவர்களே காசு சேர்த்து அபராதம் கட்டினார்கள்.

வீடு சேர்ந்தால், பதிவு விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லையேல் வெளியேறு என்றார் பண்ணை முதலாளி. பதினெட்டு வருடம் உழைத்த இடம். “உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்” என்றார் ஹேமர். அன்றிரவே வெளியேற்றப்பட்டார். இரண்டே ஆண்டில், 1964இல், ஜனநாயகக் கட்சி மாநாட்டில் இதையெல்லாம் நாடே கேட்கும்படி எடுத்துச் சொன்னார்.

கேள்வி: ஒரே நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

பதில்: இண்டியனோலாவிலிருந்து மேற்கு 49இல் வடக்கே போங்கள். வழியில் டாட்ஸ்வில் வரும். கறுப்பர் உரிமைகளைக் கடுமையாக எதிர்த்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பண்ணை இருந்த ஊர். அடுத்தது ரூல்வில். அங்கே ஹேமரின் சமாதியும் சிலையும் இருக்கின்றன, இறங்கிப் பாருங்கள். இன்னும் வடக்கே ட்ரூ. 1955இல் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எமெட் டில்லை அடித்துக் கொன்ற களஞ்சியக் கொட்டகை அந்த ஊருக்கு அருகில்தான் இருக்கிறது.