பழைய காருக்கு எந்தத் தீயணைப்பான்?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா ஓட்டிய 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனரைத் திருத்தி, பெயின்ட் அடித்து, மறுபடி ரோட்டில் இறக்கியிருக்கிறார். ஏப்ரலில் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போக எண்ணம். தீயணைப்பான் வாங்கப் போன இடத்தில், காபனீரொட்சைட்டு சிலிண்டர்தான் நல்லது, காரில் அழுக்குப் படாது என்றார்களாம். கராஜ் பாஸோ பவுடர்தான் வேண்டும் என்கிறார். வீட்டில் அப்பா காலத்துப் பித்தளைத் தீயணைப்பான் ஒன்றும் இருக்கிறது. எதை வாங்குவது, எவ்வளவு பெரியது, காரில் எங்கே பொருத்துவது என்று கேட்கிறார்.

கராஜ் பாஸ் சொன்னதே சரி. 2 கிலோ ஏபிசி உலர் பவுடர் (ஏ என்பது துணி, மரம் போன்ற திடப்பொருள் தீ, பி என்பது பெற்றோல் போன்ற திரவத் தீ; சி பற்றிக் கீழே சொல்கிறேன்), அழுத்தம் காட்டும் மீட்டரோடு, ஓட்டுநரின் கை எட்டும் இடத்தில். இடமே இல்லையென்றால் 1 கிலோ. அதற்கும் கீழே போக வேண்டாம். ஸ்பிரே டப்பா போல விற்கிறார்களே, அதை நம்பி மலை ஏற வேண்டாம்.

ஏன் பவுடர் என்பதற்குப் பொனட்டைத் திறந்து பார்த்தாலே போதும். மைனரின் எஞ்சினில், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரும், எரிந்த புகை வெளியேறும் சூடான எக்ஸோஸ்ட் மெனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. காபரேட்டரின் மிதவை சிக்கிப் பெற்றோல் வழிந்தாலும், பழைய ரப்பர் ஹோஸ் வெடித்துக் கசிந்தாலும், அது போய் விழுவது அந்தச் சூட்டின் மேல்தான். கினிகத்தேனையிலிருந்து வட்டவளை வழியாக இரண்டாம் கியரில் ஏறி வந்து நிறுத்திய எஞ்சின் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே நீங்கள் எதிர்கொள்ளப் போவது பெரும்பாலும் திறந்த வெளியில், காற்றில், சூடான உலோகத்தின் மேல் எரியும் பெற்றோல். அதை நொடியில் அமுக்குவது பவுடர். சீட், வயர் உறை, கார்ப்பெட் எரிந்தாலும் ஏபிசி பவுடர் பிடிக்கும்.

காபனீரொட்சைட்டு அழுக்கில்லாதது என்பது உண்மைதான். தேயிலைத் தொழிற்சாலையின் மின் பலகைக்கு அது அருமையான பொருள். ஆனால் வாயு காற்றில் கலைந்துவிடும். சூடான இரும்பையும் அது அவ்வளவாகக் குளிர்விக்காது; வாயு போனதும் பெற்றோல் ஆவி மீண்டும் பற்றிக்கொள்ளும். உயர் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் சிலிண்டரும் பாரம். மூடிய காருக்குள் அடித்தால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும்.

நுரை பெற்றோலுக்கு நல்லதுதான், ஆனால் அது நீர் கலந்தது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படியும். பல நுரைத் தீயணைப்பான்களின் லேபலில் குறைந்த வெப்பநிலை 5 பாகை என்றுதான் இருக்கும். இரவில் வெளியே நிற்கும் காருக்கு இது பொருந்தாது. பச்சை சிலிண்டரில் ஹேலோன் என்ற பழைய தீயணைப்பு வாயுவை யாராவது தந்தாலும் வாங்காதீர்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றாக வந்த, கறை விடாத வாயுத் தீயணைப்பான்கள் இருக்கின்றன. விலை கூடியவை. வசதி இருந்தால் இரண்டாவதாக ஒன்றை வையுங்கள், பவுடருக்குப் பதிலாக அல்ல.

பவுடர் பெயின்டைக் கெடுக்கும் என்ற பயம் நியாயமானது. ஏபிசி பவுடரில் இருப்பது அமோனியம் பொஸ்பேற்று. ஈரம் பட்டால் அமிலத் தன்மை கொண்டு அலுமினியத்தையும் வயர் இணைப்புகளையும் அரிக்கும். நம் மலைநாட்டு மூடுபனியில் அந்த ஈரம் வர அதிக நேரம் ஆகாது. அதனால் தீ அணைந்து எல்லாம் ஆறியதும், அன்றைக்கோ மறுநாளோ பவுடரை உறிஞ்சி எடுத்து, அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, நல்ல நீரால் கழுவி உலர்த்திவிடுங்கள். இது ஒரு நாள் வேலை. எரிந்த காரைத் திருத்த எத்தனை வருடம் போகும் என்பது இந்தக் காரைக் கட்டியெழுப்பிய உங்களுக்கே தெரியும்.

அந்தப் பித்தளைத் தீயணைப்பானைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பம்பு போல இழுத்து அடிக்கும் அந்த வகையில் அக்காலத்தில் நிரப்பியது காபன் நாற்குளோரைட்டு. அது ஈரலைப் பாதிக்கும் நஞ்சு. தீயின் சூட்டில் பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். குலுக்கிப் பார்த்து உள்ளே திரவம் இருப்பது தெரிந்தால் திறக்கவோ பம்பு அடித்துப் பார்க்கவோ வேண்டாம். தீயணைப்பான் பராமரிக்கும் நிறுவனத்திடம் கொடுத்து முறைப்படி வெறுமையாக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு பொலிஷ் பண்ணி அலுமாரியில் வையுங்கள், அழகாகத்தான் இருக்கும்.

வாங்கும்போது லேபலை வாசியுங்கள். ஐரோப்பிய முறையில் 34பி, 70பி என்று இருக்கும். எண் கூடினால் பெரிய பெற்றோல் தீயை அணைக்கும். அமெரிக்க லேபலில் எண்ணின் அளவுகோல் வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. சி என்ற எழுத்திலும் கவனம் வேண்டும். ஐரோப்பாவில் அது எரிவாயுத் தீ, அமெரிக்காவில் மின்சாரத் தீ.

பொருத்தும் இடம் சிலிண்டர் அளவுக்கே முக்கியம். டிக்கியில் வேண்டாம்: மைனரில் பெற்றோல் டேங்க் டிக்கித் தளத்தின் கீழேதான் இருக்கிறது. முன் சீட்டின் முன்விளிம்புக்குக் கீழே, உலோகப் பிராக்கெட்டில், தரையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பிளாஸ்டிக் பிடி நாளடைவில் உடைந்துவிடும். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் தீ மட்டும் அல்ல. றம்பொடை இறக்கத்தில் ஒரு சிலிண்டர் கழன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால், தீயே இல்லாமல் உயிர் போய்விடும்.

இனி, சரிவு. சமதரையில் எழுதிய அறிவுரைகளில் இது வராது. எரியும் பெற்றோல் பள்ளத்தை நோக்கி ஓடும். காரை மண்மேட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வையுங்கள். பிள்ளைகளைக் காரின் மேட்டுப் பக்கமாக, தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். நீங்களும் மேட்டுப் பக்கத்திலிருந்து, காற்று முதுகில் படும்படி நின்று அடியுங்கள். இரண்டும் ஒரே திசையில் அமையாவிட்டால் பக்கவாட்டில் நில்லுங்கள். மைனரில் டேங்க் பின்னால் இருப்பதால், மூக்குக் கீழாக நிற்கும்போது ஹோஸ் அறுந்தால் பெற்றோல் தானாக எஞ்சின் பக்கம் வழியக்கூடும். வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழ்: டேங்க் முன்னால், எஞ்சின் பின்னால், எனவே மேடு பார்த்து நிற்கும்போது ஆபத்து. பீட்டிலில் பற்றரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பாரம் ஏறும்போது சீட் ஸ்பிரிங் பற்றரி முனையைத் தொட்டுவிடாமல் மூடி போட்டிருக்க வேண்டும்.

புகை தெரிந்ததும் முதலில் சாவியைத் திருப்பி நிறுத்துங்கள். மைனரின் பெற்றோல் பம்பு மின்சாரத்தில் ஓடுவது. சாவி நின்றால் அதுவும் நிற்கும். எல்லோரும் இறங்கிய பிறகே மற்றது. பொனட்டை அகலத் திறக்காதீர்கள், உள்ளே பாயும் காற்று தீயைத் தூக்கிவிடும். பூட்டை மட்டும் விடுவித்து, கிடைக்கும் இடுக்கு வழியாகவோ கிரில் வழியாகவோ தீயின் அடிப்பக்கம் பார்த்து அடியுங்கள். 1 கிலோ பவுடர் 10 விநாடிக்குள் தீர்ந்துவிடும், 2 கிலோ அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அணைந்த மாதிரித் தெரிந்தாலும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு காத்திருங்கள். சிலிண்டர் தீர்ந்தும் எரிகிறதா, அல்லது தீ டேங்க் பக்கம் போகிறதா, விட்டுவிட்டு விலகுங்கள். 110க்கு அழையுங்கள். நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் நிற்கும் உங்களிடம் தீயணைப்பு வண்டி வந்து சேர நேரம் எடுக்கும். கைப்பை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

வயரிங் தீ என்றால் பவுடர் சுவாலையை அமுக்கும், ஆனால் மின்சாரம் ஓடும்வரை வயர் மறுபடி சூடேறும். மைனரில் இருப்பது இரண்டே இரண்டு பியூஸ். பல வயர்களுக்குப் பாதுகாப்பே இல்லை. அதனால் பற்றரியைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் கம்பியில் ஒரு துண்டிப்புச் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அந்தக் காலத்துக் கார் என்பதால் எர்த் பற்றரியின் நேர் (+) முனையில் இருக்கும், பாஸ் அதைப் பார்த்துப் போடட்டும். பெற்றோல் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, நல்ல கிளிப் போடுங்கள். தீயணைப்பானுக்குச் செலவழிக்கும் காசைவிட இந்த இரண்டுக்கும் போகும் காசு பெரிய பலன் தரும்.

கரடுமுரடான ரோட்டில் ஆடி ஆடிப் பவுடர் அடியில் இறுகிவிடும். மாதம் ஒரு முறை கழற்றி, தலைகீழாகப் பிடித்துக் குலுக்கி, மீட்டரின் முள் பச்சையில் நிற்கிறதா, அடிப்பாகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒரு சொட்டு அடித்திருந்தாலும் வால்வில் பவுடர் சிக்கி அழுத்தம் இறங்கிவிடும், மீள நிரப்பியே ஆக வேண்டும்.

காலாவதியாகும் சிலிண்டரைச் சும்மா திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். வெற்று நிலத்தில், ஒரு தகரத் துண்டைக் குறியாக வைத்து, நீங்களும் காரில் உங்களோடு வரும் பெரியவர்களும் பின்னை இழுத்து அடித்துப் பாருங்கள். பின் எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பதெல்லாம் அப்போது கைக்குத் தெரிந்துவிடும்.