முதலில் எடை பாருங்கள்: நீரிழிவு உள்ள புற்றுநோயாளிகளின் சாப்பாடு பற்றிக் கேள்வி பதில்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் உணவியல் நிபுணராக இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் மருத்துவரின் பொறுப்பு. சாப்பாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

"அக்கா, அப்பாவுக்கு 68 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி நடக்கிறது. நீரிழிவு பல வருடமாக உண்டு. சர்க்கரை ஏறிவிடக் கூடாதென்று அம்மா சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டார். சரிதானா?" (ஈசூன்)

அம்மாமேல் குற்றமே இல்லை. "சோற்றைக் குறையுங்கள்" என்று இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். ஆனால் சிகிச்சைக் காலத்தில் கணக்கு மாறிவிடுகிறது. அப்பாவை எடை பார்த்து எத்தனை நாளாயிற்று? ஆறு மாதத்துக்குள் தானாகவே 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்குக் கீழே வந்திருந்தால், உடனே எங்களைப் போன்ற ஒருவரைப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை ஒரு பெரியவர் மனைவியுடன் வந்தார். அந்த அம்மா சர்க்கரைக் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார். ஐந்து, ஆறு என்று (இங்கே சர்க்கரையை mmol/L அளவில்தான் சொல்வோம்) எல்லாம் ஒழுங்கான எண்கள். பெரியவரோ கையைத் தூக்கும்போதெல்லாம் கைக்கடிகாரம் முழங்கை வரை சரிந்தது. ஆள் பாதியாகியிருந்தார். தசை கரைந்த உடம்பு கீமோவைத் தாங்காது. மருந்தைக் குறைப்பார்கள், அல்லது தள்ளிப்போடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய பயம்.

பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி வேண்டும். புரதம் 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம். சமைத்த வஞ்சிர மீன் 100 கிராமில் 20 கிராமுக்குக் குறையாது. வெறும் ரசம் சோற்றில் புரதம் மிகக் குறைவு. வாய்க்கு அதுதான் பிடிக்கிறது என்றால் கூடவே ஒரு முட்டையோ, பொரித்த தவ்வோ (சோயா பன்னீர், டோஃபு) வையுங்கள். மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

"கீமோ போட்ட அன்று மாலை என் கணவருக்குச் சர்க்கரை 17, 18 என்று போகிறது. நான் எதைத் தப்பாகக் கொடுக்கிறேன்?" (பிடோக்)

எதையும் தப்பாகக் கொடுக்கவில்லை, அம்மா. வாந்தி வராமலிருக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். அது பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரையை ஏற்றும். அதற்காகப் பட்டினி போடாதீர்கள். எண்களை நேரத்தோடு எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள், அந்த நாட்களுக்கு மருந்தை அவர் சரிசெய்வார். நீங்கள் குறைக்க வேண்டியது இனிப்புப் பானங்களைத்தான். கடையில் காப்பி, தேநீர் வாங்கினால் 'கோசோங்' (சர்க்கரை இல்லாமல்) என்று கேளுங்கள். பாக்கெட் பானம் என்றால் அதன் சர்க்கரை, கொழுப்பு அளவைத் தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேடு முத்திரையில் 'சி', 'டி' போட்டதைத் தவிருங்கள். தாகம் அடங்காமல், அடிக்கடி சிறுநீர் கழித்து, ஆள் சோர்ந்து மயங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

"அரிசியையே நிறுத்திவிட்டால் கட்டி பட்டினி கிடந்து சாகாதா?" (உட்லண்ட்ஸ்)

சாகாது. புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோசை நிறைய எடுத்துக்கொள்கின்றன என்று 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் கண்டார். ஆனால் நீங்கள் சாப்பிடாவிட்டால் தசையை உடைத்தாவது கல்லீரல் குளுக்கோஸ் செய்துவிடும். பட்டினி உங்களுக்குத்தான்.

"தங்கச்சி, எனக்கு இரண்டு நோயும் உண்டு. மறைக்காமல் சொல்லுங்கள், பிழைப்பது கடினமா?" (ஜூரோங்)

மறைக்கவில்லை, அண்ணே. 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பில், ஏற்கெனவே நீரிழிவு உள்ள புற்றுநோயாளிகளின் இறப்பு அபாயம், இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 41 விழுக்காடு அதிகமாக இருந்தது. அது பலரைச் சேர்த்துப் போட்ட கணக்கு. உங்கள் ஆயுளை அது சொல்லாது. தொற்று எளிதில் வருவது, புண் ஆறத் தாமதமாவது, இதயமும் சிறுநீரகமும் முன்பே தளர்ந்திருப்பது என்று காரணங்கள் பல இருக்கலாம். இவற்றில் சிலவற்றை நாம் கவனிக்க முடியும். வாரம் ஒருமுறை, காலையில், அதே தராசில் எடை பாருங்கள். முடிந்த அளவு நடங்கள். 38 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

"மாமியார் வாந்தியால் எதுவும் சாப்பிடவில்லை. சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் கொடுக்கலாமா?" (செங்காங்)

கொடுப்பதற்குமுன் மருத்துவமனையை அழைத்துக் கேளுங்கள். கிளிக்லசைடு, கிளிப்பிசைடு போன்றவை வெறும் வயிற்றில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் இன்னொரு வகை: சாப்பிடாத நாளில் சர்க்கரை அதிகமாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேரலாம். வாந்தியால் உடல் வறண்டால் மெட்ஃபார்மினும் சிக்கல்தான். அதற்காக இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கி, விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

"சஷ்டி விரதம் முப்பது வருடப் பழக்கம். இந்த வருடமும் இருக்கலாமா?" (தோ பாயோ)

கீமோ நடக்கிறது, இன்சுலினும் போடுகிறீர்கள். வேண்டாம், அம்மா. கூட்டமில்லாத நேரத்தில் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வாருங்கள். விரதத்தை இந்த முறை உங்கள் மகன் இருக்கட்டும்.