எல்லைசியும் ஈயெம்மையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் மியூச்சுவல் ஃபண்ட் முகவர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஃபண்டில் மாதாமாதம் பணம் போடும் எஸ்.ஐ.பி என்பதை எங்கள் மேலாளர் ‘சிப்’ என்கிறார். நான் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். எது சரி?

வீட்டிலும் இதே பிரச்சினைதான். என் மாமனார் எல்.ஐ.சியை ‘எல்லைசி’ என்பார், இ.எம்.ஐயை ‘ஈயெம்மை’ என்பார். ‘பான் நம்பர்’, ‘ஏ.டி.எம் மெஷின்’ என்று ஒன்றையே இரண்டு தடவை சொல்வார். துபாயில் இருக்கும் என் கொழுந்தனாருக்குப் போனில் வங்கிக் கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி கோடு சொல்லும்போது சைபரை ‘ஓ’ என்கிறார். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். பேசாமல் இவற்றையெல்லாம் தமிழில் மொழிபெயர்த்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தால் என்ன?

கே., கோவை

அன்புள்ள கே.,

சிப் என்றும் சொல்லலாம், எஸ்.ஐ.பி என்றும் சொல்லலாம். இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, கேட்பவருக்குப் புரிகிறது. நடுவில் உயிரெழுத்து வாகாக அமைந்துவிட்டால் சுருக்கத்தைச் சொல்லாகவே படித்துவிடுவார்கள்: பான், செபி, சிபில், யூலிப். சிப்காட்டை யாரும் எழுத்துக்கூட்டிச் சொல்வதில்லை. தொழில் கூட்டுறவு வங்கியின் ஆங்கிலச் சுருக்கம் பெயர்ப்பலகையிலேயே ‘தாய்கோ’ ஆகி, தாய் வந்து உட்கார்ந்துவிட்டாள். இதற்காக மேலாளரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எஸ்.ஐ.பி என்பது கட்டும் முறை, அது சரக்கு அல்ல. ‘எஸ்.ஐ.பி போட்டிருக்கிறேன்’ என்று வருகிறவரிடம் எந்த ஃபண்டில் என்று கேளுங்கள். அது தெரியாமல் மாதாமாதம் கட்டுகிறவருக்கு உச்சரிப்பு சரியாக இருந்து என்ன பயன்?

பான் நம்பர், ஏ.டி.எம் மெஷின் விஷயத்தை விட்டுவிடுங்கள். ‘நடு சென்டர்’, ‘கேட்டு வாசல்’ என்று பேசுகிற ஊர் இது. தெரியாத சொல்லின் பக்கத்தில் தெரிந்த சொல் ஒன்றை நிறுத்திக்கொள்வது கேட்பவருக்கு வசதி. மொழிபெயர்ப்பும் அப்படித்தான். இ.எம்.ஐக்குத் ‘தவணை’ இருக்கிறது, பாதிப் பேர் ‘டியூ’ என்கிறார்கள். படிவங்களில் நல்ல தமிழ் வரட்டும், வேண்டும். வாயில் எது நிற்கும் என்பதை வாய்தான் தீர்மானிக்கும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் மாமனாருக்காக. அவர் சொல்கிற ‘எல்லைசி’ கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். அதில் பிழை எதுவும் இல்லை.

கல் + எறிந்தான் எப்படிக் கல்லெறிந்தான் ஆகிறது? பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: ‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்.’ நன்னூல் விதி. எழுத்துப் பெயர்கள் ஒவ்வொன்றையும் தனிச்சொல்லாக வைத்துப் பாருங்கள். ‘எல்’ என்பதில் எ தனிக்குறில், ல் ஒற்று. பின்னால் ‘ஐ’ என்ற உயிர் வருகிறது. லகரம் இரட்டி ‘எல்லை’ ஆகிறது. ஆகவே எல்லைசி. ‘எம்’ முன்னும் ‘ஐ’ வந்தால் எம்மை. ‘எஸ்’ முன் வந்தால் எஸ்ஸை. தொழிலாளர்கள் ‘ஈயெஸ்ஸை ஆஸ்பத்திரி’ என்று சொல்வது இப்படித்தான்.

இனி ஈ + எம். உயிரும் உயிரும் அடுத்தடுத்து வந்தால் தமிழ் சும்மா விடாது, நடுவில் உடம்படுமெய் வைக்கும். மணி + அடித்தது, மணியடித்தது. இ, ஈ, ஐ வழி யகரம், மற்ற உயிர்வழி வகரம். ஈ + எம் + ஐ = ஈயெம்மை. உங்கள் மாமனார் ஒரே மூச்சில் இரண்டு புணர்ச்சி விதிகளைச் சரியாக முடித்திருக்கிறார். ஐ.ஓ.பி ‘ஐயோபி’ ஆவதும் இதனால்தான். யூ.ஏ.என் என்ற பன்னிரண்டு இலக்க பி.எஃப் எண்ணை யூவேயென் என்பார்கள். ஊகாரத்துக்குப் பின் வகரம், ஏகாரத்துக்குப் பின் யகரம். கே.ஒய்.சியை ஒருவர் கேயொய்சி என்பார், இன்னொருவர் கேவொய்சி என்பார். ஏகாரத்துக்குப் பின் இரண்டும் வரலாம் என்று நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது.

இது வாய் குழறுவது அல்ல என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். வெளிநாடுவாழ் இந்தியரைக் குறிக்கும் என்.ஆர்.ஐயை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். என்னாரை. ‘என்’ இரட்டித்தது, ‘ஆர்’ இரட்டிக்கவில்லை. ‘என்னார்ரை’ என்று யார் வாயிலாவது கேட்டிருக்கிறீர்களா? ‘ஆர்’ என்பதில் இருப்பது நெடில். கால் + இல்லை, காலில்லை ஆவது போல, அங்கே ஒற்று இரட்டாது. குழறுகிற வாய்க்குக் குறிலும் நெடிலும் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த வாய் இரண்டையும் பிரித்து அறிகிறது. இலக்கணம் படிக்காதவரும் பிரித்து அறிகிறார்.

வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் ‘நெப்டு’ ஆவது, செக் ‘செக்கு’ ஆவது, உங்கள் மேலாளரின் சிப் சந்தைக்குப் போனதும் ‘சிப்பு’ ஆவது எல்லாம் இதே கதைதான். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது, உகரம் கேட்கும். பான் னகரத்திலும் சிபில் லகரத்திலும் முடிவதால் அவற்றுக்கு ஒட்டு தேவைப்படவில்லை. நபார்டு என்று உகரம் போட்டுத்தான் அச்சிடுகிறோம். அச்சில் ஒத்துக்கொண்டதை ஒரு பெரியவர் வாயில் கேட்டால் சிரிப்பது என்ன நியாயம்?

கோபமாகத்தான் கேட்கிறேன். நீங்கள் ஜி.எஸ்.டி என்று சொல்லும்போது மூன்று துண்டாக நிறுத்தி நிறுத்தியா சொல்கிறீர்கள்? ஜியெஸ்டி என்றுதான் சொல்வீர்கள். உங்கள் பிள்ளைகள் ஏடியெம் என்றுதான் சொல்வார்கள். செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் வாயில் நடப்பதேதான் அவர் வாயிலும் நடக்கிறது, அவருக்குக் கொஞ்சம் அழுத்தமாகக் கேட்கிறது, அவ்வளவே. தவணை தப்பாமல் கட்டும் மனிதரை அந்தத் தவணையின் பெயரைச் சொல்ல விடாமல் கூச வைத்துவிட்டால், நாளைக்கு வங்கியில் சந்தேகம் வந்தால் கேட்க மாட்டார். புரியாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். முதியவர்கள் கவுண்டரில் வாய் திறக்காமல் நிற்பதற்கு இந்தக் கூச்சம் ஒரு பெரிய காரணம். முதலில் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

திருத்த வேண்டிய இடங்கள் உண்டு. ஒரு ஒலி மாறினால் பணம் இடம் மாறும் இடங்கள் அவை. கொழுந்தனார் துபாயில் இருப்பதால் சொல்கிறேன்: வெளிநாடுவாழ் இந்தியருக்கு இங்கே இரண்டு வகை வங்கிக் கணக்குகள், என்னாரீ, என்னாரோ. கடைசி உயிர் ஒன்றுதான் வேறுபாடு, போன் இரைச்சலில் அது போய்விடும். என்.ஆர்.இ கணக்கு வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு. அவர் வெளிநாட்டில் வசிக்கும் வரை அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் தடையின்றித் திருப்பி எடுத்துப் போகலாம். என்.ஆர்.ஓ உள்ளூர் வருமானத்துக்கு. வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் டி.டி.எஸ்ஸாக, அதாவது கையில் தருமுன்பே, பிடிப்பார்கள். வெளியே அனுப்ப நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்று வரம்பும் உண்டு, கூடவே வரிப் படிவங்களும். ஊரில் இருக்கும் அவர் வீட்டின் வாடகை வழக்கமாக என்.ஆர்.ஓவில்தான் வரும், அதற்குரிய வரி கட்டியதை வங்கிக்குக் காட்டினால்தான் என்.ஆர்.இ கணக்கில் போட முடியும். அங்கிருந்து வரும் சம்பளத்தைத் தவறுதலாக என்.ஆர்.ஓவில் வைப்புத்தொகையாகப் போட்டால் வட்டியில் மூன்றில் ஒரு பங்கு போல வரியில் போகும். இங்கே சுருக்கத்தையே நம்பக்கூடாது. ‘எக்ஸ்டர்னல்’, ‘ஆர்டினரி’ என்று முழுச்சொல்லாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘வெளிக்காசுக் கணக்கு’, ‘உள்காசுக் கணக்கு’ என்று வீட்டுக்குள் பெயர் வைத்துக்கொண்டாலும் சரி.

பி.எஃப், பி.பி.எஃப் இரண்டும் இப்படித்தான். திக்கிச் சொல்வதாக நினைத்து ஒரு ‘பி’யைக் காது விட்டுவிடும். முன்னது சம்பளத்தில் பிடிப்பது. பின்னது தபால் நிலையத்திலோ வங்கியிலோ நாமே தொடங்கும் 15 வருடக் கணக்கு, ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம்.

சைபரை ‘ஓ’ என்பதில் நீங்கள் சொல்வது நியாயம். ஐ.எஃப்.எஸ்.சி பதினொரு இடம் கொண்டது. முதல் நான்கு வங்கியின் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சைபர், மிச்சம் ஆறு கிளைக்குரியவை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கோடு ஐ, ஓ, பி, ஏ என்று தொடங்கி அடுத்து சைபர் வரும். ‘ஐயோபியே ஓ’ என்று சொன்னால் காதில் இரண்டு ‘ஓ’ விழுகிறது. முதலாவது எழுத்து, இரண்டாவது எண். எழுத்தைத் தட்டிவிட்டால் பெரும்பாலும் செயலி கோட்டை ஏற்காது, நேரம்தான் போகும். வாட்ஸாப்பில் கோட்டைத் தமிழில் எழுதி அனுப்புவதும் வேண்டாம். தமிழில் ‘பி’ ஒன்றுதான், ‘டி’யும் ஒன்றுதான். இந்தியன் வங்கியின் ஐ, டி, ஐ, பியைத் தமிழில் எழுதினால் டெல்லியின் டியா, டீத்தூளின் டியா, பாம்பேயின் பியா, பேப்பரின் பியா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

கணக்கு எண்ணில்தான் உண்மையான ஆபத்து. நெஃப்டில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவாகும், பெயரைப் பார்த்து அல்ல. அனுப்புமுன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. உள்ளூரில் அனுப்பும்போது அதைப் பயன்படுத்துங்கள். போனில் சொல்லியே ஆகவேண்டும் என்றால் முதலில் வங்கியின் பெயர், பிறகு நான்கெழுத்து, பிறகு ‘சைபர்’ என்று அழுத்தி, பிறகு மூன்று மூன்றாக மிச்சம் ஆறு இடம். கணக்கு எண்ணை நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் எதிர்முனையில் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். ‘டிரிபிள் சைபர், டபுள் சைபர்’ கூடாது. அங்கேதான் ஒரு சைபர் கூடும், குறையும். ‘சைபர், சைபர், சைபர்’ என்றே சொல்ல வேண்டும்.

இதைவிட எளிது, பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துக் கொழுந்தனாருக்கு அனுப்புவது. கோடும் கணக்கு எண்ணும் அதிலேயே அச்சாகியிருக்கும். படத்தைச் சிரித்த பிள்ளைகளே எடுக்கட்டும். தாத்தாவுக்கு ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டட்டும், அவர் தன் வாய்ப்படி திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கட்டும்.