டாமும் ஜெர்ரியும் திறனாய்வுக்கு உரியவர்களா? - வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஒரே பொருளைத் தொட்டிருந்தன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எனக்கு வயது முப்பத்திரண்டு. வங்கியில் பணிபுரிகிறேன். சிறுவயதில் பார்த்த டாம் அண்ட் ஜெர்ரி படங்களை இன்றும் விரும்பிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றைப் பற்றியும் விரிவாகக் குறிப்பு எழுதி வைக்கிறேன். "பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டா?
- மதுரை வாசகர் ஒருவர்

பதில்: நியாயம் இல்லை என்றே சொல்வேன். நீங்கள் பார்க்கும் அந்தப் படங்கள் பிள்ளைகளுக்கென்று எடுக்கப்பட்டவையே அல்ல. வில்லியம் ஹானாவும் ஜோசப் பார்பெராவும் எம்.ஜி.எம். நிறுவனத்தில் இருந்தபடி 1940 முதல் 1958 வரை 114 டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்களை இயக்கினார்கள். அவை திரையரங்குகளில் முழுநீளப் படத்துக்கு முன்னால் காட்டப்பட்டன. சீட்டு வாங்கி வந்த பெரியவர்களும் அவர்கள் கைப்பிடித்து வந்த பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்தார்கள். 1960களில் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் சனிக்கிழமைக் காலையைப் பிள்ளைகளின் நேரமாக்கி, இந்தப் படங்களையும் அங்கே கொண்டுபோய் வைத்த பிறகுதான், கார்ட்டூன் என்றாலே குழந்தைகள் சமாசாரம் என்ற எண்ணம் வேரூன்றியது. ஒளிபரப்பு நேரத்தை வைத்து ஒரு கலைக்கு வயது நிர்ணயித்துவிட்டோம்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 'தி கேட் கான்செர்ட்டோ' என்ற அந்தப் படம் ஏறக்குறைய ஏழு நிமிடம் ஓடும். 1947ஆம் ஆண்டு விழாவில் ஆஸ்கர் விருது பெற்றது. கச்சேரி உடையில் மேடைக்கு வரும் டாம், பியானோவின் முன் அமர்ந்து ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி என்ற இசைப்படைப்பை வாசிக்கத் தொடங்குகிறது. பியானோவுக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி, கட்டைகள் தூக்கிப்போட்டதில் விழித்துக்கொள்கிறது. அதன் பிறகு நடக்கும் சண்டை முழுவதும் இசைக்குள்ளேயே நடக்கிறது. அடியும் பதிலடியும் ராப்சடியின் தாளத்தில்தான் விழுகின்றன. இசை வேகமெடுக்கும்போது சண்டையும் வேகமெடுக்கிறது. படத்தில் பேச்சு கிடையாது. ஒரு சுரக்கட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலிப்பொறியை வைக்கிறது ஜெர்ரி. டாமின் விரல் அதில் சிக்குகிறது. ஆனாலும் கச்சேரி நிற்பதில்லை. முடிவில் டாம் களைத்துச் சாய, கைதட்டலை வாங்கிக்கொள்வது ஜெர்ரி.

சென்ற மாதம் என் அக்காள் பேரனோடு இதைப் பார்த்தேன். அவனுக்கு ஐந்து வயது. எலிப்பொறி விரலைக் கவ்விய இடத்தில், "வலிக்குமே, ஏன் தாத்தா அது கத்தலை?" என்று கேட்டான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவனே, "எல்லாரும் பாக்குறாங்கல்ல, அதான்" என்றான். அந்தப் படத்தைப் பற்றி நான் படித்தவற்றிலும் எழுதியவற்றிலும் இதைவிடக் கூர்மையான வரி இல்லை. மேடை ஏறிய ஒருவர் தன் வலியையும் மானத்தையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டியிருப்பதுதான் அந்தப் படத்தின் கரு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பிடிபடுகிறது என்றால், ஹானாவும் பார்பெராவும் அதை அவ்வளவு தெளிவாக வரைந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். எப்படி வரைந்தார்கள் என்று ஆராய்வதுதான் நம் போன்றவர்களின் வேலை.

இந்தத் தொடரின் இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லி 'புட்டின் ஆன் தி டாக்' என்ற 1944ஆம் ஆண்டுப் படத்தில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் உருவாக்கிய, பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் தரும் பன்னிரு சுர முறையைப் பயன்படுத்தியிருக்கிறார். கச்சேரி அரங்குகளில் பலர் காதைப் பொத்திக்கொண்ட அந்த நவீன இசையை, நாய்த்தலை முகமூடிக்குள் ஓடும் ஒரு எலிக்காகத் திரையரங்குக் கூட்டம் முணுமுணுப்பின்றிக் கேட்டது. சோவியத் திரைமேதை செர்கெய் ஐசன்ஸ்டைனும் 1940களில் டிஸ்னி படங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். ஒரு கோடு எந்த உருவத்துக்கும் மாறக்கூடிய அந்த நெகிழ்ச்சிதான் கார்ட்டூனின் வசீகரம் என்பது அவர் கண்டது. வாணலியில் மோதிய டாமின் முகம் வாணலியாகவே ஆகிவிடுவதைப் பார்க்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குறிப்பேடு நல்ல துணையோடுதான் இருக்கிறது.

கேள்வி: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் கள்ளமில்லாமல் சிரித்து மகிழும் கார்ட்டூன்களில் நிறவேற்றுமை, உடல்கேலி என்றெல்லாம் பெரியவர்கள் துருவித் தேடுவது அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுப்பதாகாதா?
- தஞ்சாவூர் வாசகி ஒருவர்

பதில்: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, அம்மா. ஆனால் கள்ளமில்லாமல் பார்ப்பவர்களுக்கு முன்னால் எதை வைக்கிறோம் என்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். பெரியவர் ஒரு படத்தைப் பார்த்து "இது சரியில்லை" என்று தள்ளிவிட முடியும். பிள்ளை உலகம் இப்படித்தான் இருக்கும் போலும் என்று எடுத்துக்கொள்ளும்.

மறுபடியும் டாம் அண்ட் ஜெர்ரிக்கே வருகிறேன். 1940 முதல் 1952 வரை வந்த பல படங்களில் அந்த வீட்டில் ஒரு கறுப்பினப் பெண் இருப்பார். பெரும்பாலும் அவருடைய கால்களும் செருப்பும் கையில் துடைப்பமும்தான் தெரியும்; முகம் காட்டப்படாது. அன்றைய அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களை வீட்டு வேலைக்காரியாக மட்டுமே காட்டிப் பழகிய வார்ப்பு அது. அதைக் கறுப்பின மக்களின் உரிமை அமைப்புகள் அப்போதே கண்டித்தன. 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அந்த உருவத்தை அழித்துவிட்டு, மெலிந்த வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றி வரைந்தார்கள். பிற்காலத்தில் அசல் படங்களையே, இவை அக்காலத்தின் இனத் தப்பெண்ணங்களைக் கொண்டவை என்ற முன்னறிவிப்போடு வெளியிட்டார்கள்.

இரண்டில் எது சரி? முன்னறிவிப்புதான் சரி என்பது என் முடிவு. உருவத்தை அழித்தபோது தவறு திருத்தப்படவில்லை, தவறு நடந்த தடயம்தான் அழிந்தது. அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த கறுப்பின நடிகை லில்லியன் ராண்டால்ஃபின் குரலும் அதோடு போயிற்று. முகத்தை மறைத்த படத்திலும் சிரிப்பையும் சினத்தையும் குரலாலேயே நடித்துக் காட்டியவர் அவர். இதையெல்லாம் கவனித்து எழுதியவர்கள் இந்தப் படங்களை வெறுத்தவர்கள் அல்லர். பலர் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்த ரசிகர்கள்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. ஒரு நாய்க் குடும்பத்தைப் பற்றிய ஆஸ்திரேலியக் கார்ட்டூனான புளூயி தொடரில் உடற்பயிற்சியைப் பற்றிய ஒரு பகுதி, தாயும் தந்தையும் எடை பார்த்துத் தங்கள் உடம்பை நொந்துகொள்வதோடு தொடங்கியது. நான்கைந்து வயதுப் பிள்ளைகளின் முன்னால் உடம்பை இழிவாகப் பேச வேண்டுமா என்று பலர் கேட்டார்கள். 2023இல் அந்தத் தொடக்கக் காட்சியை வெட்டி மறுபதிப்பு வந்தது. பெப்பா பிக் என்ற பிரிட்டிஷ் கார்ட்டூன் தொடரிலோ, சிலந்தியைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்று சொல்லும் ஒரு பகுதி பிரிட்டனில் நல்ல பாடம். நச்சுச் சிலந்திகள் வீட்டுக்குள்ளேயே வாழும் ஆஸ்திரேலியாவில் அது ஆபத்து. அங்கே அதன் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். விளையாட்டுப் படம்தானே என்று யாரும் உற்றுப் பார்க்காமல் விட்டிருந்தால் இந்த இரண்டுமே அப்படியே தொடர்ந்திருக்கும்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் படத்தை நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டாம். படம் முடியட்டும், அவர்களாகக் கேட்கட்டும்.

கேள்வி: டாம் அண்ட் ஜெர்ரியின் கடைசிப் பகுதியில் இரண்டும் தண்டவாளத்தில் அமர்ந்து உயிரை விடுகின்றன என்று படித்து அதிர்ந்தேன். இப்படி ஒவ்வொரு கார்ட்டூனுக்கும் இருண்ட உட்பொருள் சொல்லும் விளக்கங்கள் நிறைய வருகின்றன. இவையும் திறனாய்வுதானா?
- சென்னை, கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: அல்ல. நீங்கள் குறிப்பிடுவது 'புளூ கேட் புளூஸ்' என்ற படம். ஜெர்ரியே கதை சொல்கிறது. டாம் ஒரு வெள்ளைப் பூனையை விரும்பி, பணக்காரப் பூனையோடு போட்டியிட்டுத் தோற்று, மனமுடைந்து தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்ரியின் காதலும் பொய்த்துப்போகிறது. அதுவும் போய் அருகில் அமர்கிறது. ரயிலின் ஊதல் நெருங்கும்போது படம் முடிகிறது. இவ்வளவும் உண்மை. ஆனால் அது கடைசிப் படம் என்பது உண்மையல்ல. அது 1956இல் வந்தது. அதன் பின்னும் அந்தத் தொடரில் படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 1958இல் வந்த அந்த இயக்குநர்களின் கடைசிப் படமான 'டாட் வாட்சர்ஸ்' படத்தில், கவனிப்பாரின்றிக் கட்டுமானத் தளத்துக்குத் தவழ்ந்து போய்விட்ட ஒரு குழந்தையைக் காப்பாற்ற டாமும் ஜெர்ரியும் சண்டையை நிறுத்திவிட்டுச் சேர்ந்து ஓடுகின்றன. பதினெட்டு ஆண்டுப் பகையின் கடைசிப் படம் இது என்பது எத்தனை அழகு! அதை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைக் கடைசியாக்கியவர்கள், ஆண்டுக் கணக்கைக்கூடச் சரிபார்க்கவில்லை.

இதில் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. மரணமோ சதியோ உள்ளே ஒளிந்திருந்தால்தான் ஒரு கார்ட்டூன் பெரியவர்களின் கவனத்துக்கு ஏற்றது என்ற எண்ணம் இத்தகைய விளக்கங்களின் அடியில் இருக்கிறது. அப்படி எண்ணுபவர் உண்மையில் கார்ட்டூனை மதிக்கவில்லை. எலிப்பொறிக் காட்சியின் தாளத்தை எண்ணிப் பார்ப்பவர் மதிக்கிறார்.

பெரியவர்களின் ஆர்வம் எல்லை மீறியதை நம் நாட்டிலும் பார்த்தோம். 2020இல், சோட்டா பீம் கார்ட்டூன் தொடரின் நாயகனான சிறுவன் பீம், இளவரசி இந்துமதியை மணந்துகொண்டதாக ஒரு செய்தி பரவியது. பீமின் தோழி சுட்கிக்கு நீதி வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். கடைசியில் தொடரைத் தயாரிக்கும் ஹைதராபாத் நிறுவனமே, இவர்கள் எல்லோரும் இன்னும் குழந்தைகள், திருமணம் எதுவும் நடக்கவில்லை என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று. தொடரின் கதை நடக்கும் ஊரான டோலக்பூரின் பிள்ளைகளைத் தங்கள் காதல் கணக்குக்குள் இழுத்துப் போட்டவர்கள், அந்தத் தொடர் யாருக்காக எடுக்கப்படுகிறது என்பதையே மறந்துபோனார்கள். அதே தொடரில் வலிமை எப்போதும் பீமுக்கும் லட்டு தருவது சுட்கிக்கும் என்று பங்கிடப்பட்டிருப்பதைப் பற்றி எழுதியிருந்தால் அதை நான் முழுக்கப் படித்திருப்பேன். அதற்குத் திரையில் ஆதாரம் இருக்கிறது.

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் நானும் ரசிகையாகிவிட்டேன். எழுதவும் ஆசை. ஆனால் ஓவியமோ இசையோ கற்றவள் அல்ல. எதைக் கவனிக்க வேண்டும்?
- யாழ்ப்பாணம் வாசகி ஒருவர்

பதில்: கண்ணையும் காதையும் தனித்தனியே பழக்குங்கள், போதும். ஒரு பகுதியை முதலில் பிள்ளைகளோடு சேர்ந்து வழக்கம்போலப் பாருங்கள். அவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள், எங்கே உங்கள் மடியை நெருங்கி வந்தார்கள் என்று நினைவில் வையுங்கள். அடுத்த முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் கேளுங்கள்.

மேலே சொன்ன புளூயி தொடரிலேயே 'ஸ்லீப்பிடைம்' என்று ஏழு நிமிடப் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் இப்படிச் செய்து பாருங்கள். தன் கட்டிலில் தனியாக உறங்கிப் பார்க்க விரும்பும் பிங்கோ என்ற இளைய மகள், கனவில் தன் பொம்மை முயலோடு கோள்களுக்கிடையே மிதக்கிறாள். அதே இரவில் வீட்டிலோ, யாரும் தத்தம் படுக்கையில் ஒழுங்காக உறங்கவில்லை: மூத்தவள் புளூயி தண்ணீர் கேட்கிறாள், அப்பா படுக்கை மாறுகிறார், அம்மா எழுந்து வருகிறார். கனவும் வீடும் மாறி மாறி வருகின்றன. ஒலியை நிறுத்திப் பார்த்தால், கனவில் குளிர்ந்துபோன பிங்கோவுக்குச் சூரியன் வெதுவெதுப்பைத் தரும் இடத்தில், வீட்டில் அவள் யார் அருகில் கிடக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். திரையைப் பாராமல் கேட்டால், குஸ்டாவ் ஹோல்ஸ்ட் நூறாண்டுக்கு முன் வியாழன் கோளுக்காக எழுதிய இசை மெல்ல மெல்ல எழும்பி, சரியாக அந்த இடத்தில் முழு வீச்சில் வந்து நிற்பது கேட்கும். அதற்குப் பிறகு சூரியன் பேசுகிறது, அம்மாவின் குரலில்.

அந்தக் குரல் வரும்போது உங்கள் பிள்ளைகள் திரையைப் பார்க்கிறார்களா, உங்களைப் பார்க்கிறார்களா என்று கவனித்து, முதல் குறிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.