காகித ஸ்டாரும் அகல்விளக்கும்: ஃபிலிமில் எப்படிப் பிடிப்பது?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 கேமரா, 50 மி.மீ. எஃப்2 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது), 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் (ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் ஒளியை வாங்கும் வேகம்). கிறிஸ்துமஸுக்கு வராந்தாவில் கட்டிய ஸ்டாரை ஃபிளாஷ் போட்டு எடுத்தால் வெறும் காகிதமாக விழுகிறது. போடாமல் எடுத்தால் வெள்ளைத் திட்டு. கார்த்திகை அகலும் அப்படியே. என்ன செய்யலாம்?

முதலில் ஃபிளாஷைக் கழற்றி வையுங்கள். ஸ்டாரின் அழகே உள்ளே எரியும் பல்பு. வெளியிலிருந்து அதைவிடப் பலமாக அடித்தால் காகிதம்தான் மிஞ்சும்.

வெள்ளைத் திட்டுக்குக் காரணம் கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர். கே1000-இன் மீட்டர் முழுக் காட்சியையும் சேர்த்துச் சராசரி பார்க்கும். சுற்றிலும் இருட்டு என்றால் அந்த இருட்டையும் சாம்பலாக்கும் அளவுக்கு நேரத்தைக் கூட்டச் சொல்லும். அதனால் ஸ்டாரை ஒட்டிப் போய், காகிதமே வியூஃபைண்டரை நிறைக்கும்படி பிடித்து அளவெடுங்கள். ஃபோகஸ் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. மீட்டரின் முள் 1/30 நொடியில் நடுவில் நின்றால் 1/15 நொடி வையுங்கள். மீட்டர் சொல்வது சாம்பல் நிறத்துக்கான கணக்கு, நமக்கு வேண்டியது ஒளிர்கிற காகிதம். பிறகு பழைய இடத்துக்கு வந்து அதே அளவில் எடுங்கள். தள்ளி வந்ததால் காகிதத்தின் பிரகாசம் குறைந்துவிடாது. கூடவே 1/8-இலும் ஒன்று எடுத்து வையுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. விட்டுவிட்டு மின்னும் சீரியல் செட் உள்ளே இருந்தால் நிலையாக எரியவிடுங்கள்.

டிசம்பரில் நம் பக்கம் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறைகிறது. ஆறே கால் முதல் ஆறரை வரை வானம் நீலமாக இருக்கும். நான் அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஓட்டுக்கூரையும் தென்னையும் அதில் தெரியும், கருப்பு வானத்தில் ஸ்டார் அனாதையாகத் தொங்கும்.

அகலுக்கு வேறு கணக்கு. 400 ஐஎஸ்ஓவில் எஃப்2, 1/8 கேட்கும் வெளிச்சத்தைவிட மங்கினால் கே1000-இன் முள்ளை நம்ப முடியாது. விளக்கருகே இருக்கும் கை, முகத்துக்கு எஃப்2, 1/15-இல் தொடங்குங்கள். சுடரின் நடு வெளுக்கத்தான் செய்யும், விடுங்கள். வரிசை விளக்குகள் எல்லாம் துல்லியமாக வேண்டுமென்று எஃப்8 வைத்தால் ஒரு நொடி ஆகும். அதற்குள் காற்று சுடரை ஆட்டிவிடும். எஃப்4, 1/4 நல்ல சமரசம். மஞ்சள் தூக்கலாக வரும். அதைத் திருத்த நீல ஃபில்டர் போட்டால் இரண்டு ஸ்டாப் போய்விடும், அதாவது வெளிச்சத்தில் கால் பங்குதான் மிஞ்சும், வேண்டாம்.

ஒரு நொடியைத் தாண்டினால் ஃபிலிம் சோம்பிவிடும், கணக்கைவிடக் கூடுதல் நேரம் கேட்கும். இல்ஃபோர்டு எச்பி5 என்ற கருப்பு-வெள்ளை ஃபிலிமில் கணக்கு 4 நொடி என்றால் 6 நொடி, 10 என்றால் 20 கொடுக்க வேண்டும். ஸ்டாண்டும், கேமராவை ஆட்டாமல் பட்டனை அழுத்த உதவும் கேபிள் ரிலீசும் கட்டாயம். கே1000-இல் செல்ஃப் டைமர் கிடையாது.

அப்புறம், ஸ்கேனுக்குக் கொடுக்கும்போது இருட்டை வெளுக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். தானாகச் சரிசெய்யும் ஸ்கேனர் கருப்பைத் தூக்கி, புள்ளி புள்ளியான சாம்பலாக்கிவிடும்.